மேடை கேட்ட உடம்பு

திருவேங்கடம், குருவிகுளம், கழுகுமலை, சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் ஊர்களில் ஊரார் கண் பட நின்ற உடம்புகள் மூன்று. கம்பு சுற்றும் சிலம்ப வாத்தியாருடையது ஒன்று. பொங்கலன்று இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றும் இளைஞனுடையது இன்னொன்று. கொடைவிழாவில் விடியவிடிய ஆடும் ஆட்டக்காரருடையது மூன்றாவது. சினிமாவும் விளம்பரமும் வருமுன் ஊர் வாய் திறந்து பேசிய பிரபலங்கள் இவர்கள்தாம். இன்றைய நடிகரும் மாடலும் உடம்பைக் கட்டுக்குள் வைத்திருக்கும் முறைகளின் தொடக்கத்தைத் தேடினால் அது ஊர்க் களத்து மண்ணில்தான் கிடைக்கிறது.

சிலம்பம் இந்தச் சீமையில் விளையாட்டாகத் தொடங்கவில்லை. சங்கரன்கோவிலை அடுத்த நெற்கட்டும்செவலில் இருந்து பூலித்தேவர் ஆற்காட்டு நவாபின் படையையும் கும்பினிப் படையையும் எதிர்த்துப் போரிட்டது 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பாளையக்காரர் போர்கள் 1801-இல் முடிந்ததும் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைக் கும்பினி தடை செய்தது. வாளும் வேலும் போன பிறகு மூங்கில் கம்பு மிஞ்சியது. காலடி வரிசை பழகாமல் எந்த வாத்தியாரும் கையில் கம்பைக் கொடுப்பதில்லை. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கால் மாற்றி வைக்கும் அந்தப் பயிற்சியே பல மாதம் நீளும். தொடையும் கெண்டைக்காலும் இறுகி, மூச்சு ஒரு சீருக்கு வந்த பிறகுதான் கம்பு. சுற்றுகிற மணிக்கட்டு தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் விசை வாங்குவதால் வயிற்றில் சதை தங்க வழியில்லை.

இளவட்டக்கல் வேறு வகை. உருண்டையாக, பிடி கிடைக்காதபடி வழுவழுப்பாக இருக்கும் அந்தக் கல்லைக் குந்தி அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, தொடையில் நிறுத்தி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, கடைசியில் தோள் வழியே முதுகுப்புறம் வீச வேண்டும். கல்லைத் தூக்கியவனுக்கே பெண் என்ற பேச்சு தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊர் உண்டு. இன்றைய எடைப்பயிற்சிக் கூடங்களில் தரையிலிருந்து இரும்பைத் தூக்கும் பயிற்சிக்கும் இதற்கும் தசைக் கணக்கில் பெரிய வேறுபாடு கிடையாது. முதுகு, தொடை, பிட்டம், முன்கை ஆகிய எல்லாம் ஒரே தூக்கில் வேலை செய்கின்றன.

ஆட்டக்காரரின் உடம்பு இவ்விரண்டிலும் நுட்பமானது. நையாண்டி மேளத்துக்கு ஆடும் கரகாட்டக்காரர் தலையில் கரகம் அசையாமல் நிற்க, கழுத்துக்குக் கீழே உள்ள அத்தனையும் அசைய வேண்டும். பின்னோக்கி வில்லாக வளைந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பது, தட்டின் விளிம்பில் நின்று ஆடுவது, ஏணியில் ஏறுவது எல்லாம் முதுகெலும்பின் வளைவையும் அடிவயிற்றின் பிடிப்பையும் நம்பிய வித்தைகள். சுடலைமாடன் கொடையில் மகுடம் என்ற தோல்கருவிக்கு ஆடும் கணியான் கூத்துக்காரர்கள், ஆணாக இருந்து பெண் வேடம் கட்டி இரவு முழுவதும் சுழல்பவர்கள். மெலிவை இவர்கள் குறியாக வைத்துப் பழகியதில்லை. மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஊர் ஊராக ஆடுகிற ஆட்டமே அவர்களை மெலிதாக வைத்தது. ஆட்டம் இல்லாத மாதங்களில் பலருக்குக் காட்டுவேலை இருந்தது.

மெலிவு என்பது அன்றைக்கு ஆசைப்படும் பொருளாக இருந்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தின் புகைப்படங்களில் விலா எலும்பு எண்ணத்தக்க உடம்புகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த நினைவு இரண்டு மூன்று தலைமுறைக்கு வற்றவில்லை. பிள்ளையைப் பார்த்ததும் ‘என்ன இப்படி மெலிஞ்சு போய்ட்டே’ என்று பதறும் பாட்டியின் குரலில் அந்தப் பஞ்சம் இருக்கிறது. சதைப்பிடிப்பு என்றால் வயிறார உண்ட வீடு. பெண் பார்க்கப் போனவர்கள் ‘பூசினாற்போல இருக்கிறாள்’ என்று சொன்னால் அது நிறைவான பாராட்டு.

ஆனாலும் எடையைக் கூட்டவும் குறைக்கவும் ஊருக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழி இரண்டு மானாவாரிப் பயிர்களை வைத்து எழுதிய உணவுச் சீட்டு. எள்ளின் எடையில் பாதிக்கு அருகே எண்ணெய். 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல். கொள்ளில் கொழுப்பு மிகக் குறைவு, புரதம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், நார்ச்சத்து நிறைய. பசியை அடக்கித் தசையைக் காக்கும் உணவு என்று இன்றைய உணவியலாளர் எழுதித் தருவதும் இதே வகைதான். சிலம்பம் பழகிய பிள்ளைகளுக்கு உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கொடுத்ததும், ஊறவைத்த கடலையைக் காலையில் மென்று தின்னச் சொன்னதும் இந்த அறிவின் தொடர்ச்சி.

இந்த ஊர்க் களத்து உடம்பைத் தொழில்முறை நடிகரின் உடம்பாக மாற்றியவை நாடகக் கம்பெனிகள். தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட பாய்ஸ் கம்பெனிகள் அந்தக் காலத்தில் ஊர் ஊராகக் கொட்டகை போட்டன. கம்பெனி வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை, பாடம், அடி எல்லாம். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டும். இரவு தொடங்கினால் நாடகம் விடிய முடியும். ராஜபார்ட்டுக்கு வாள் வீசவும் தெரிய வேண்டும். ஸ்திரீபார்ட்டுக்கு நடையும் நளினமும் வேண்டும். உடம்பின் வடிவத்தை விட அதன் தாக்குப்பிடிக்கும் திறன்தான் அந்த மேடைக்குத் தேவைப்பட்டது.

குரலுக்காக மக்கள் மடை திறந்து வந்த காலத்தில் உடம்பு பின்னுக்குப் போனதும் உண்டு. செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா அதற்குப் பெரிய சான்று. எட்டாத சுருதியில் அநாயாசமாகப் பாடிய அந்த மனிதரைக் கேட்க இலங்கை வரை கூட்டம் கூடியது. ஓய்வில்லாத மேடைகளும் சீர்கெட்ட உடல்நிலையும் 1933 டிசம்பர் 2-ஆம் நாள் அவரைக் கொண்டுபோயின. வயது 27. உடம்பைப் பேணும் பழக்கம் மேடைக் கலைஞருக்கு எத்தனை முக்கியம் என்று தென்னாடு கண்ணீரோடு உணர்ந்த நாள்களில் அதுவும் ஒன்று.

பாய்ஸ் கம்பெனிச் சிறுவனுக்கு வரும் பெரிய ஆபத்தின் பெயர் மகரக்கட்டு. பருவம் வந்து குரல் உடைந்தால் வேடம் போகும், சம்பளம் போகும். புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பாவுக்கு அது நேர்ந்தது. குரல் தேறும் வரை அவர் குஸ்தி, குத்துச்சண்டை, சிலம்பம், எடை தூக்குதல் என்று உடம்பைக் கையிலெடுத்தார். குரலும் திரும்பியது, உடம்பும் கூடவே வந்தது. 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடத்தில் வாள் சுழற்றியபோது, பாடவும் சண்டையிடவும் தெரிந்த கதாநாயகன் என்ற அச்சு தமிழில் உருவாகியிருந்தது. 1951-இல் 35 வயதில் அவர் இறந்துபோனது தமிழ்த் திரைக்கு நேர்ந்த பெரும் இழப்பு.

இதே காலத்தில் மேற்கிலிருந்து இன்னொரு உடம்பும் வந்து சேர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த அதே 1867-இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர் யூஜின் சாண்டோ. எடையைத் தூக்குவதோடு நிற்காமல், தசைகளைக் கிரேக்கச் சிலை போலக் காட்டி நிற்பதையே காட்சியாக்கியவர். 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அவர் நடத்திய போட்டியே உடற்கட்டுப் போட்டிகளுக்குத் தொடக்கம். 1904-05-இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் தமிழுக்குள் எப்படிப் புகுந்தது என்பதற்குக் கையில்லாத பனியனே சாட்சி: சாண்டோ பனியன். பலசாலிக்குச் சாண்டோ என்று பட்டம் கொடுப்பதும் வழக்கமாயிற்று.

அதுவரை ‘உடம்பால் என்ன செய்ய முடியும்’ என்று கேட்ட ஊர், ‘உடம்பு எப்படித் தெரிகிறது’ என்று கேட்கத் தொடங்கியது இங்கேதான். இந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்களாகப் போனார்கள். நகரங்களில் தேகப்பயிற்சிச் சாலைகள் முளைத்தன. அவற்றில் கர்லாக்கட்டையும் இரும்புக் குண்டும் அருகருகே இருந்தன. தண்டால், பஸ்கி எடுத்தவர்கள் பார் கம்பியிலும் தொங்கினார்கள்; சுவரில் அனுமார் படமும் முழு உயரக் கண்ணாடியும் எதிரெதிரே மாட்டப்பட்டன.

கோவை ராமநாதபுரத்தில் இருந்த வீரமாருதி தேகப்பயிற்சிச் சாலை அப்படிப்பட்டது. அதை நடத்தியவர் 1915-இல் பிறந்த மருதமலை முருக பக்தர், மில் தொழிலாளியாகவும் சோடா, பால் வியாபாரியாகவும் இருந்து பார்த்த சின்னப்பா. சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் என்று பின்னால் நாடறிந்தவர். கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் சண்டைக் காட்சிக்கு ஆள் தேவைப்பட்டபோது தேகப்பயிற்சிச் சாலையின் பயில்வான்கள் படத்துக்குள் வந்தார்கள். 1947-இல் வெளியான ‘ராஜகுமாரி’யில், கதாநாயகனாக முதன்முதல் நடித்த எம்.ஜி.ஆருடன் தேவர் மோதினார். அந்தப் பழக்கம் 1956-இல் தேவர் பிலிம்ஸின் ‘தாய்க்குப் பின் தாரம்’ வரை வளர்ந்து, பிறகு பல படங்களாக நீண்டது.

எம்.ஜி.ஆரின் உடம்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. கும்பகோணத்து வறுமையிலிருந்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு வந்த சிறுவன் அவர். அங்கே காளி என். ரத்தினம் போன்றவர்களிடம் மேடை வித்தை பழகினார். 1936-இல் ‘சதி லீலாவதி’யில் சிறு வேடம், கதாநாயகனாக மேலும் 11 ஆண்டு ஆனது. அந்த இடைவெளியில் வாள், சிலம்பம், குஸ்தி, எடைப்பயிற்சி எதையும் அவர் விடவில்லை. 1959 ஜூன் 16-ஆம் நாள் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகத்தில் சண்டை நடிகர் குண்டுமணியைத் தூக்கியபோது அவர் எம்.ஜி.ஆரின் கால்மேல் விழ, எலும்பு முறிந்தது. அவர் மறுபடி ஆடவும் சண்டையிடவும் முடியுமா என்று நாடே கேட்ட நேரம் அது. 1963-இல் ‘பெரிய இடத்துப் பெண்’ணில் கம்போடு களத்தில் இறங்கினார். 1967 ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு தொண்டையில் பாய்ந்து குரல் மாறிய பிறகும், 50 வயதைக் கடந்து, 1977-இல் முதலமைச்சராகும் வரை கதாநாயகனாகவே நின்றார். நாள் தவறாத பயிற்சி ஒரு நடிகரின் தொழில் ஆயுளை எவ்வளவு நீட்டும் என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அவருக்கு எதிரே வில்லனாக நின்ற எம்.என். நம்பியாரும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைதான். நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் வளர்ந்தவர். சைவ உணவு, மது தொடாமை, நாள்தோறும் உடற்பயிற்சி, ஆண்டுதோறும் சபரிமலை விரதம் என்ற ஒழுங்கு 89 வயது வரை அவரை நடமாட வைத்தது. 1948-இல் எஸ்.எஸ். வாசன் தந்த ‘சந்திரலேகா’வின் ரஞ்சனோ பரதமும் கத்திச் சண்டையும் முறையாகப் பயின்றவர். அப்படத்தின் நீண்ட வாள்சண்டையில் தெரியும் இலகு, இரண்டு பயிற்சிகளும் ஒரே உடம்பில் சேர்ந்ததால் வந்தது.

மெலிந்தவர்களுக்கு அன்றைய திரையில் இடம் கிடைப்பது கடினமாக இருந்தது. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியிலிருந்து வந்த சிவாஜி கணேசன், ‘பராசக்தி’ படப்பிடிப்பின் தொடக்கத்தில் ஒல்லியாக இருப்பதாகச் சொல்லப்பட்டு ஒதுக்கப்படும் நிலைக்குப் போனார். தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் விடாப்பிடியாக அவரை வைத்துக்கொண்டார். நல்ல சாப்பாடு போட்டு உடம்பைத் தேற்றி, முன்பு எடுத்த காட்சிகள் திரும்ப எடுக்கப்பட்டன. 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. இன்றைக்கு ஒரு புதுமுகம் உடம்பு இளைத்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பப்படுகிறார். அன்றைக்கு உடம்பு ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

எந்த உடம்பு அழகு என்று அந்தக் காலத் தமிழர் கண்ணுக்குப் பழக்கியதில் திருவேங்கடத்துக்குப் பக்கத்து ஊர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கழுகுமலை வெட்டுவான் கோயிலின் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் சிற்பங்களில் தோள் அகன்று, இடை சிறுத்து, வயிறு மென்மையாக இருக்கும். தசை முடிச்சுகள் தெரியாது. அந்த உடம்பைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியராக வந்து, 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகப் பெருகி வீட்டுக்கு வீடு தொங்கினர். உருண்ட தோள், மழுமழுப்பான கை, லேசாகச் சதை பிடித்த இடுப்பு. நாடக மேடையின் ஒப்பனையும் நிற்கும் தோரணையும் அந்தத் தெய்வங்களிடம் உண்டு. வெள்ளித்திரையின் கதாநாயகியும் காலண்டரின் தேவியும் ஒரே சாயலில் இருந்ததில் வியப்பில்லை. இருவரும் ஒரே மேடையிலிருந்து இறங்கியவர்கள்.

பெண் கலைஞர்களின் உடற்பயிற்சி பெரும்பாலும் நடனமாகவே இருந்தது. வைஜெயந்திமாலா, பத்மினி, குமாரி கமலா ஆகியோர் திரைக்கு நடனத்தின் வழியே வந்தவர்கள். பரதத்தின் அரைமண்டி என்பது முழங்கால் மடித்து, முதுகு நிமிர்ந்து, அடவு முடியும்வரை எழாமல் இருக்கும் நிலை. ஒரு மணி நேர அடவுப் பயிற்சியில் தொடையும் முதுகும் படும் பாடு பஸ்கி எடுப்பவர் படும் பாட்டுக்குக் குறைந்ததல்ல. பத்து வயதுக்கு முன்பே தொடங்கி நிறுத்தாமல் ஆடியவர்களுக்கு அந்த நிமிர்வு முதுமையிலும் தங்கியது. 1933-இல் பிறந்த வைஜெயந்திமாலா 2024-இல் அயோத்தியில் மேடையேறி ஆடினார்.

யோகாசனத்தின் கதை சற்றுச் சுற்றுவழியில் வந்தது. மைசூர் அரண்மனையில் டி. கிருஷ்ணமாச்சார்யா 1930-களில் யோகசாலை நடத்தினார். ரிகாவில் பிறந்து இந்தியாவுக்கு வந்து இங்கே ஒரு படத்திலும் நடித்த இந்திரா தேவி என்னும் ஐரோப்பியப் பெண் அங்கே சேர்ந்து பயின்றார். பெண்களைச் சேர்க்க முதலில் தயங்கிய ஆசிரியர், மன்னரின் சொல்லுக்காகச் சேர்த்துக்கொண்டார். இந்திரா தேவி 1940-களின் இறுதியில் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி திறந்தார். கிரெட்டா கார்போவும் குளோரியா ஸ்வான்சனும் அவரிடம் கற்றார்கள். கிருஷ்ணமாச்சார்யா பிறகு சென்னையில் குடியேறி 1989-இல் மறையும் வரை கற்பித்தார். ஆனாலும் தமிழ்த் திரையுலகில் ஆசனப் பயிற்சி பரவலாகப் பேசப்பட்டது அது ஹாலிவுட் போய்ப் பெயர் வாங்கி வந்த பிறகுதான். யோகா ஆசிரியராக இருந்து நடிக்க வந்த அனுஷ்கா போன்றவர்கள் இந்த நூற்றாண்டுக்காரர்கள்.

1960, 70-களில் சரோஜாதேவி, கே.ஆர். விஜயா ஆகியோரையும், 1990-களின் தொடக்கத்தில் குஷ்புவையும் ரசிகர்கள் கொண்டாடியது அவர்களுடைய பூசினாற்போன்ற தோற்றத்தோடு சேர்த்துத்தான். அதன் பிறகு காற்று திரும்பியது. 1994-இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகிப் பட்டத்தையும் ஐஸ்வர்யா ராய் உலக அழகிப் பட்டத்தையும் வென்றார்கள். ஐஸ்வர்யா 1997-இல் ‘இருவர்’ வழியாகத் தமிழ்த் திரையில்தான் முதலில் தோன்றினார். அதே ஆண்டு தமிழுக்கு வந்த சிம்ரனின் மெல்லிய இடை ஒரு தலைமுறைக்கே அளவுகோலானது. விளம்பர மாடலுக்கும் கதாநாயகிக்கும் இருந்த இடைவெளி அழிந்தது. ஆயத்த ஆடைகள் பரவியதும், தொப்புளுக்கு மேல் நிற்கும் உடைகள் பாடல் காட்சிகளில் வந்ததும், படக்கருவி உடம்பை நெருங்கியதும் சேர்ந்து இந்த மாற்றத்தைச் செய்தன. எடை குறைப்பு நிலையங்கள் நகரத் தெருக்களில் விளம்பரப் பலகை வைத்தது இந்த ஆண்டுகளில்தான். அந்த வியாபாரத்தின் போலி வாக்குறுதிகளைக் கதையாக்கிய ‘இஞ்சி இடுப்பழகி’க்காக 2015-இல் அனுஷ்கா உண்மையிலேயே எடை கூட்டி நடித்தார். ஏற்றிய எடையை இறக்க அவர் பட்ட சிரமம் பல ஆண்டு செய்தியாக இருந்தது. உடம்பை அடிக்கடி கூட்டிக் குறைப்பது எவ்வளவு கடினம் என்று பொதுமக்கள் கண்முன் பார்த்த நிகழ்வு அது.

ஆண் நடிகர்களிடம் மாற்றம் கொஞ்சம் பின்னால் வந்தது. 1974-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆணழகன் பட்டம் வென்ற சரத்குமார் போன்ற சிலரைத் தவிர, 1980-களின் நாயகர்களுக்குக் கட்டுடம்பு கட்டாயமாக இருக்கவில்லை. ‘சேது’வுக்காக (1999) விக்ரம் மொட்டையடித்து உடம்பை வற்றவைத்துக்கொண்டதும், ‘ஆளவந்தா’னுக்காக (2001) கமல்ஹாசன் உடம்பை ஏற்றியதும், பாத்திரத்துக்கு ஏற்ப உடம்பை மாற்றும் பழக்கத்துக்கு வழிவிட்டன. 2008 நவம்பரில் வெளியான ‘வாரணம் ஆயிர’த்தில் சூர்யா சட்டையைக் கழற்றியதும் ‘சிக்ஸ் பேக்’ என்ற சொல் திருவேங்கடம் போன்ற சிற்றூர் டீக்கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. 2015 பொங்கலுக்கு வந்த ஷங்கரின் ‘ஐ’, ஆணழகன் போட்டிக்காரன் மாடலாக மாறும் கதையையே எடுத்துக்கொண்டது. அதில் விக்ரம் தசை ஏற்றிய உடம்பாகவும் எலும்பும் தோலுமான உடம்பாகவும் வந்தார். 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’க்காக ஆர்யா கட்டிய உடம்பு வடசென்னைக் குத்துச்சண்டையின் மரபை நினைவூட்டியது.

திரையில் தெரியும் அந்த வயிற்றுக் கட்டுகள் எப்படி வருகின்றன என்பது மறைபொருள் இல்லை. வயிற்றுத் தசை எல்லோருக்கும் உண்டு. அதன்மேல் போர்த்திய கொழுப்புதான் மறைக்கிறது. ஆணுக்கு உடற்கொழுப்பு சுமார் 10 விழுக்காட்டுக்கு இறங்கும்போது கட்டுகள் தெளிவாகத் தெரியும். அதற்காகப் பல மாதம் உடம்பு செலவிடுவதைவிடக் குறைவான கலோரியில் சாப்பிடுகிறார்கள். தசை கரையாமல் இருக்க முட்டை வெள்ளைக்கரு, கோழி, மீன், பருப்பு என்று புரதத்தை ஏற்றி, நாள்தோறும் எடை தூக்குகிறார்கள். படப்பிடிப்பு நாளுக்கு முன் உப்பையும் தண்ணீரையும் குறைத்து, தோலுக்கடியில் உள்ள நீரையும் வற்றவைக்கிறார்கள். பிறகு விளக்கு, எண்ணெய்ப் பூச்சு, காமிரா கோணம். ரசிகர் பார்ப்பது அந்தச் சில நாள்களின் உடம்பு. தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் என்று அதற்குரிய விலையை நடிகர் கொடுத்த பிறகு எடுத்த படம் அது. அதைப் பார்த்துவிட்டு ஆறே வாரத்தில் அப்படி ஆகலாம் என்று நம்பும் பதினெட்டு வயதுப் பையனுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். மருத்துவர் சீட்டில்லாமல் ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொள்பவர்களின் கல்லீரலும் இதயமும் படும் கேடு இன்னும் கடுமையானது.

இந்தத் துறை தந்த துயரங்களும் வரலாற்றில் சேர்ந்தவை. தெலுங்கு நடிகை ஆர்த்தி அகர்வால் கொழுப்பு நீக்க அறுவை செய்துகொண்ட சில வாரங்களில், 2015 ஜூன் மாதம் 31 வயதில் இறந்தார். கன்னடத்தின் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29-ஆம் நாள் காலை உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சு அடைத்து இறந்தபோது வயது 46. அதையடுத்த நாள்களில் இதயப் பரிசோதனைக்காக மருத்துவமனைகளில் கூட்டம் கூடியது. கடுமையான பயிற்சியைத் தொடங்குமுன் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளும் வழக்கம் அதன் பின்புதான் பலருக்குத் தெரியவந்தது.

உணவில் ஒரு திருப்பம் கரிசல் மண்ணுக்கே திரும்பி வந்திருக்கிறது. நடிகர்களின் உணவுப் பட்டியல்களில் இப்போது கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, சாமை இடம்பெறுகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு விலையும் பேச்சும் ஏறின. அரிசிச் சோறு பண்டிகைக்கு மட்டும் என்று இருந்த கரிசல் சம்சாரி வீட்டில், கம்மங்கஞ்சியும் சோளச்சோறும் ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்டவை. பாசனமும் ரேஷன் அரிசியும் வந்ததும் அவை அடுப்படியிலிருந்து விலகின; மானாவாரிக் காடுகளில் பருத்தியும் மக்காச்சோளமும் ஏறின. கம்புக்கும் அரிசிக்கும் கலோரி ஏறத்தாழ ஒன்றுதான், 100 கிராமுக்கு 350 அளவில். வேறுபாடு நார்ச்சத்திலும், மெதுவாகச் செரிப்பதிலும், சீக்கிரம் வயிறு நிறைவதிலும் இருக்கிறது. அன்றைய சம்சாரி மெலிந்து உறுதியாக இருந்ததற்குத் தானியத்தோடு, விடிந்தது முதல் பொழுது சாயும் வரை காட்டில் குனிந்து நிமிர்ந்த வேலையும் காரணம். அந்த வேலையை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிப் பலன்தான்.

உடற்பயிற்சிக் கூடமும் சிற்றூருக்கு வந்துவிட்டது. 2016-இல் தமிழக அரசு ஊராட்சிகளில் அம்மா உடற்பயிற்சிக் கூடங்களை அறிவித்தது. சிறு நகரங்களில் தனியார் ஜிம்கள் மாடிக்கு மாடி நடக்கின்றன. சிலம்பமும் கூடவே மீண்டது. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தென்மாவட்டப் பள்ளி மைதானங்களில் மாலை நேரத்தில் பெண்பிள்ளைகளும் வரிசையாக நின்று காலடி பழகுகிறார்கள். பல மாதம் காலடிதான், கம்பு பிறகு.